சோறு போச்சு, சப்பாத்தி வந்துச்சு

"சோத்தையே உட்டுட்டனுங்க, அப்பவும் எடை எறங்கலீங்க." எடை குறைப்புக்காக ஈரோட்டில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் அதிகம் சொல்வது இதுதான். சரி, ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமா. காலையில் ராகிக் கூழ். சாயங்காலம் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். பன்னை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

30 கிராம் மாவில் சுட்ட சப்பாத்தி ஒன்றில் மாவுச்சத்து சுமார் 20 கிராம். நாலு என்றால் 80. 100 கிராம் அரிசியை வடித்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிறுதானியமும் இதற்கு விலக்கல்ல. கம்பு, ராகி, தினை எதுவானாலும் 100 கிராமில் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து இருக்கும். ராகியில் கால்சியம் உண்டு, கம்பில் நார்ச்சத்து உண்டு, அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அரிசிக்குப் பதிலாக அதே அளவு ராகி என்றால் எடை அசையாது. ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2025இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை.

"எங்க தாத்தா மூணு வேளையும் களி தின்னவருங்க" என்பார்கள். உண்மைதான், அவர் விடியற்காலையில் மாடு பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். பேரன் மோட்டாரைச் செல்போனில் போடுகிறார்.

அப்போது எதைத்தான் சாப்பிடுவது? இதற்கு நம் ஊர்ச் சமையலறையை விட்டு வெளியே போகவே வேண்டாம். கொள்ளையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், நல்ல நார்ச்சத்து. ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? கொள்ளு வேகவைத்த தண்ணீரை ரசம் வைத்து, அதை ஒரு தட்டுச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "தினமும் கொள்ளு சேர்த்துக்கறனுங்க" என்கிறார்கள். கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்காது. கடைந்த கொள்ளு இரண்டு கரண்டி உள்ளே போனால் வயிறு நிறையும், சோறு தானாகக் குறையும். பச்சைப்பயறு கடைந்தது, தட்டப்பயறு, மொச்சைக்கும் இதே கதைதான். அரிசிம்பருப்பு சாதத்தை நிறுத்தச் சொல்லி நான் யார் சாபத்தையும் வாங்கத் தயாரில்லை. முக்கால் பங்கு அரிசி, கால் பங்கு பருப்பு என்று போடுவதைச் சரிபாதி ஆக்குங்கள், பக்கத்தில் அவரைக்காய்ப் பொரியலைச் சோற்றைவிட அதிகமாக வையுங்கள். நாமக்கல் முட்டை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கடலையும் நல்லதுதான், ஒரு கைப்பிடியோடு எழுந்துவிட முடிந்தால்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி), ஜவ்வரிசி இரண்டும் காய்கறிக் கணக்கில் வராது. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. விரத நாளில் சோறு தவிர்த்து ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டால் விரதம் காக்கப்படும், எடை குறையாது.

மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோகூட இறங்கலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும்; சேமிப்பு தீரும்போது நீரும் போய்விடும். அதனால் மூன்றாவது வாரம் முள் நின்றுவிட்டதென்று மனம் உடைய வேண்டாம். எடைமேடையோடு இஞ்சு டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் இதைத் தாமாக ஆரம்பிக்க வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டு சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அறவே விட்டால் ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே. பிபி மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையும் முட்டையையும் கூட்டுவதற்கு முன்பும், கர்ப்பிணிகள் எதையும் குறைப்பதற்கு முன்பும் தங்கள் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போய்க் கேட்டுவிடுங்கள்.