மருத்துவமனையில் கழிவு அள்ளுகிறவருக்குக் கையுறை, தடுப்பூசி, ஊசி குத்தினால் சிகிச்சை: யார் கொடுக்க வேண்டும், எப்படிக் கேட்டு வாங்குவது?

வார்டு கூட்டுகிறவர், கழிவுப் பை கட்டுகிறவர், அறுவை அரங்கில் ரத்தத் துணி அள்ளுகிறவர் என்று பார்த்தால், பெரும்பாலோர் இன்று ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். கிழிந்த கையுறைக்குப் பதில் வேறு கேட்டால், "உங்க கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க" என்று நர்ஸ் சொல்வார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் போனால், "ஆஸ்பத்திரி ஸ்டோர்லதான் தருவாங்க" என்பார். கொரோனாக் காலத்தில் இப்படி இரண்டு பக்கமும் அலைக்கழிக்கப்பட்டு, கடைசியில் ஒரு துணி முகக்கவசத்தோடு ஐசியூ கழிவைக் கட்டிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தொற்று ஓய்ந்த பிறகும் அந்தப் பதில் மாறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பொறுப்பு, அந்த மருத்துவமனையை நிர்வாகம் செய்பவருடையது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, சின்ன கிளினிக், ரத்தப் பரிசோதனை நிலையம் எல்லாவற்றுக்கும் இதுவே விதி. கழிவைக் கையாளும் "மற்றவர்கள்" அனைவருக்கும் என்றே விதி சொல்கிறது. சம்பளப் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்று அது கேட்பதில்லை. ஆகவே "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லை" என்பது இந்த விஷயத்தில் செல்லாத பதில்.

அந்த விதியின்படி கிடைக்க வேண்டியவை: வேலையில் சேரும்போது பயிற்சி, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது பயிற்சி. சேரும்போதும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை. ஹெபடைட்டிஸ் பி (ரத்தத்தின் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய்), டெட்டனஸ் தடுப்பூசிகள். வேலைக்குத் தகுந்த பாதுகாப்பு உடை, போதுமான அளவில். இதில் எதற்கும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2020 மார்ச்சில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொரோனாக் கழிவுக்கென்று தனி வழிகாட்டுதல் கொடுத்தது. இரட்டைப் பையில் கட்ட வேண்டும், கழிவுக்கென்று தனி ஆட்கள் வேண்டும், பொதுக் குப்பை அள்ளுகிறவரையே அதற்கும் அனுப்பக் கூடாது என்றது. பல இடங்களில் ஒரே ஆள்தான் இரண்டையும் அள்ளினார்.

காகிதத்தில் எல்லாம் நடந்திருக்கும் என்பதுதான் முதல் பொறி. ஆய்வு வருகிறது என்றால் முந்தின நாள் பயிற்சிப் பதிவேடு சுற்றுக்கு வரும். நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், நாளை ஊசி குத்தும்போது "பயிற்சி கொடுத்தோம், அவர்தான் கவனக்குறைவு" என்று அதே கையெழுத்தைக் காட்டுவார்கள். மறுக்கத் தைரியம் வராது என்பது எனக்கும் தெரியும். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. குறைந்தபட்சம் தேதியையாவது நீங்களே, உங்கள் கையால், அன்றைய தேதியாகப் போடுங்கள்.

இரண்டாவது, தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. ஆறு மாதத்துக்குள் ஒப்பந்தம் கைமாறினால் புது நிறுவனம் "நாங்க போடலை" என்று கைவிரிக்கும். பழைய அட்டை மருத்துவமனையிலேயே தொலைந்திருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் தேதியும் முத்திரையும் உள்ள அட்டையை உங்கள் வீட்டில் வையுங்கள். ஒரு தவணை போட்டவரை "தடுப்பூசி போட்டவர்" பட்டியலில் சேர்த்துக் கணக்குக் காட்டுவது சகஜம். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. கேளுங்கள்.

சரி, ஊசி குத்திவிட்டது. இங்கேதான் மனிதர்கள் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். விரலை அழுத்திப் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். ஹெச்ஐவி தடுப்பு மாத்திரையின் முதல் வேளையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தால் அது பயன் தருவதில்லை. மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் ஹெச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றும் அபாயத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இந்த மாத்திரையை நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. அங்கேயும் ஒப்பந்த ஆள், நிரந்தர ஆள் என்ற பேதம் கிடையாது.

ஆனால் நடப்பது என்ன? "டாக்டர் காலையில் வருவார்." "அந்த நோயாளியின் ரத்த ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்." ராத்திரி ஷிஃப்டில் குத்தினால் விடியும்வரை உட்கார வைப்பார்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வேளையைச் சாப்பிட்டுவிட்டு, தேவையில்லை என்று தெரிந்தால் டாக்டர் நிறுத்திக்கொள்வார். உங்கள் மருத்துவமனையில் இல்லை என்றால், தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ ஏ.ஆர்.டி. மையத்துக்கோ (ஹெச்ஐவி சிகிச்சை மையம்) போங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் (உடனடி எதிர்ப்புச் சக்தி தரும்) ஊசியும் வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். அதையும் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.

அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். இதைப் பலர் பயந்து தவிர்க்கிறார்கள். குத்திய அன்று உங்களுக்கு நோய் இல்லை என்று காட்டும் தாள் அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து நோய் தெரியும்போது "முன்னாடியே இருந்திருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பப் பார்க்க வேண்டும். ஹெச்ஐவி இருப்பதாகத் தெரிந்தாலும், அதை மட்டும் காரணமாக வைத்து வேலையை விட்டு நிறுத்த அதே ஹெச்ஐவி சட்டம் அனுமதிப்பதில்லை.

ஓ.பி. சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். "கையில் காயம்" என்று மட்டும் இருந்தால் அது போதாது. வேலை நேரத்தில், எந்த வார்டில், பயன்படுத்திய ஊசி குத்தியது என்று இருக்க வேண்டும். ஊசி எந்தப் பையில் கிடந்தது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கூர்மையானவை குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். மஞ்சள் பையில் ஊசி கிடந்தால் அது போட்டவரின் தவறு, தூக்கியவரின் கவனக்குறைவு அல்ல.

மருத்துவமனை கையை விரிக்க உதவும் இன்னொரு நுணுக்கம் உண்டு. கழிவு விதிகளில் "பெரிய விபத்து" என்றால் 24 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிக்கை போக வேண்டும். ஊசி குத்துவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்டறிக்கையில் சேர்த்தால் போதும். ஆகவே யாரும் அவசரப்படமாட்டார்கள், பதிவேட்டில் ஏற்றாமலே விட்டாலும் கேட்க ஆளில்லை. நீங்களே ஒரு கடிதம் எழுதி நிலைய மருத்துவ அலுவலரிடமோ மேலாளரிடமோ கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், பணியில் ஏற்பட்ட காயத்துக்கான பலனுக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளிலேயே உரிமை உண்டு. "ஆறு மாசம் ஆகலையே" என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். காயம் நேரும்வரை காத்திருக்காமல், பிடித்த பணம் உங்கள் எண்ணில் கட்டப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்.

கொரோனாப் பணியில் இறந்தவர்களுக்கு 2020-இல் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீட்டில் ஒப்பந்தப் பணியாளர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆனால் இறந்தவர் அந்தப் பணியில்தான் இருந்தார் என்று நிறுவனம் சான்றளிக்க வேண்டும் என்றும் அந்தத் திட்டம் கேட்டது. பணி ஆணை, டூட்டி சார்ட் எதுவும் வீட்டில் இல்லாத குடும்பம் அந்தச் சான்றுக்கு எங்கே போகும்? டூட்டி சார்ட் ஒட்டும் இடத்தில் வாரம் ஒரு முறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

சங்கமோ ஊரில் விவரம் தெரிந்த யாராவதோ துணை இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று போடலாம். ஒவ்வொரு மருத்துவமனையும் ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நான்காம் படிவத்தில் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனை விபத்து, எத்தனை பேருக்குப் பயிற்சி, பயிற்சியே பெறாதவர் எத்தனை பேர் என்ற கேள்விகள் அந்தப் படிவத்திலேயே உண்டு. தனியார் மருத்துவமனை என்றாலும் வாரியத்திடம் நகல் கேட்கலாம். விரலில் ஊசி குத்திய ஆண்டில் "விபத்து: இல்லை" என்று எழுதியிருந்தால், உங்கள் ஓ.பி. சீட்டின் நகலை இணைத்து வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். பெயர் வெளியே வரும் என்ற பயம் இருந்தால் சங்கத்தின் பெயரில் அனுப்பலாம்.