அழுத்தம் முதல் அசையில் அல்ல, முதல் சொல்லில்

டென்மார்க்கில் பெரியவர்களுக்கு டேனிஷ் மொழி கற்பிக்கிறேன். நகராட்சியிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ வந்த கடிதத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். அதில் ஒரே சொல் பாதி வரியை அடைத்துக்கொண்டு நிற்கும். "இதை எங்கே மூச்சுவிட்டு வாசிக்கிறது டீச்சர்?"

சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டுவது டேனிஷ் வழக்கம். ஒட்டும் இடத்தில் பல சமயம் ஒரு ‘ஸ்’ நுழையும். ‘மரத்துக்கிளை’யில் வரும் ‘அத்து’ச் சாரியை மாதிரிதான்: தனிப் பொருள் கிடையாது, ஆனால் ஒரு துண்டு முடிந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தமிழில் போலவே தலைமையான சொல் கடைசியில் வரும். எனவே பொருளைப் பின்னாலிருந்து பிரியுங்கள். ‘ப்ளின்-டார்ம்ஸ்-பெடென்னெல்ஸ’: அழற்சி, குடலின், குருட்டு. அப்பெண்டிசைட்டிஸ்தான்! லத்தீன் தெரியாத நோயாளிக்கும் புரிகிற பெயர்.

பொருள் பிடிபட்டாலும் உச்சரிப்பில் மாட்டிக்கொள்கிறோம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால் நம்மவர்கள் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வார்கள். கூட்டுச்சொல்லில் முதல் துண்டுக்கே முதன்மை அழுத்தம் என்று விதியைச் சொன்னதும், நேரே முதல் அசையைக் குத்துவார்கள். தவறு அங்கேதான். முதல் துண்டு தனியாக நிற்கும்போது எந்த அசை கனக்குமோ, அதே அசைதான் கூட்டிலும் கனக்கும்.

சொந்த டேனிஷ் சொற்கள் பெரும்பாலும் தொடக்கத்தில் கனக்கும். லத்தீன் வழி வந்தவை வால்பக்கம் கனக்கும்: ஹொஸ்பி‘டால்’, உனிவேர்சி‘டேட்’, ஸ்டா‘ஷோன்’. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் இது கூடுதல் தொல்லை. ‘ஹாஸ்’பிட்டல் என்றே நாக்கு ஓடும்.

அகராதிப் பிரியர்கள் காட்டும் 51 எழுத்துச் சொல் ஒன்று உண்டு: ஸ்பெஷியால்-லேய-ப்ராக்ஸிஸ்-ப்ளேன்லெக்னிங்ஸ்-ஸ்டபிலிசேரிங்ஸ்-பெரியோத. சிறப்பு மருத்துவர்களின் தொழில் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்று பொருள். யாரும் பேசுவதில்லை, ஆனால் பயிற்சிக்கு அருமையான சொல். எழுத்துப்படி 19 அசை. முதல் துண்டு லத்தீன், ஆகவே முதன்மை அழுத்தம் மூன்றாம் அசையான ‘யால்’ மீது. ‘ஸ்டபிலிசேரிங்’கில் உறுதி என்னும் லத்தீன் வேர், ‘பெரியோத’ கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக வந்தது. மருத்துவரைக் குறிக்கும் ‘லேய’யும் திட்டமிடலில் உள்ள ‘லெக்’கும் டேனிஷ் எழுத்தில் ஒரே மாதிரி (læg) தெரியும், உறவு இல்லை, முன்னதில் ‘க’ கரைந்துவிடும், பின்னதில் ஒலிக்கும்.

இன்னொன்று, ‘பங்ஷோன்’. ஓய்வூதியம். தனியாகச் சொன்னால் ‘ஷோன்’ கனக்கும். முதியோர் ஓய்வூதியமான ‘ஃபொல்கபங்ஷோன்’ என்று வந்ததும் முதன்மை இடம் ‘ஃபொல்’லுக்குப் போய்விடும், ‘ஷோன்’ இரண்டாம்பட்சம்.

இடைவெளியையும் கவனியுங்கள். ‘டென்ஸ்க் லேர’ என்று பிரித்து, இரண்டையும் அழுத்திச் சொன்னால் டேனிஷ்காரரான ஆசிரியர். சேர்த்து, முன்னதை மட்டும் அழுத்தினால் டேனிஷ் மொழி கற்பிப்பவர். என் மாணவர் ஒருவர் என்னை இடைவெளியோடு எழுதி அறிமுகப்படுத்தினார். அதை வாசித்தவர்கள் என் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார்கள்.