ஆறு வாரம் முன்பே எச்சரித்த விபத்து

தரையிறங்க வரும் விமானங்களை ரேடாரில் பார்த்து வழிநடத்தும் அப்ரோச் கன்ட்ரோலர் நான், இந்த வேலை கற்க வருகிறவர்களிடம் முதலில் பேசுவது அமெரிக்க நிறுவனமான டி.டபிள்யூ.ஏ.வின் 514 விமானத்தைப் பற்றித்தான். அரை நூற்றாண்டுக்கு முந்தைய விபத்து இப்போது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். "பாதையைப் பிடிக்கும்வரை இத்தனை அடிக்குக் கீழே இறங்க வேண்டாம்" என்று அப்ரோச் அனுமதியோடு சேர்த்துச் சொல்கிறோமே, அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இந்த விபத்துதான்.

1974 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. இண்டியானாபோலிஸிலிருந்து கொலம்பஸ் வழியாக வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது அந்த போயிங் 727. அங்கே குறுக்குக் காற்று 49 நாட் (மணிக்குச் சுமார் 90 கி.மீ.) வரை எகிறியதால் வெர்ஜீனியாவில் இருக்கும் டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கும் தாழ்ந்த மேகம், விமானம் குலுங்கிக்கொண்டே வருகிறது. டலஸுக்கு இன்னும் 44 நாட்டிக்கல் மைல் (சுமார் 81 கி.மீ.) இருக்கும்போதே, 7,000 அடியில் பறந்துகொண்டிருந்தவர்களுக்கு 12ஆம் ரன்வே அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்தது. எவ்வளவு உயரம் வரை இறங்கலாம் என்று கன்ட்ரோலர் சொல்லவில்லை. ரேடாரில் பார்த்து அனுமதி கொடுக்கிறார்கள் என்றால் கீழே மலை ஏதும் இல்லை என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். வரைபடத்தில் உயரம் பார்த்துக்கொள்வது விமானியின் வேலை என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டார். விமானம் 1,800 அடியைக் குறிவைத்து இறங்கியது. காலை 11:09க்கு, மவுண்ட் வெதர் மலையின் மேற்குச் சரிவில் ஏறக்குறைய 1,670 அடி உயரத்தில் மோதியது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

என்னால் இன்றைக்கும் சாதாரணமாகக் கடந்துபோக முடியாத இடம் ஒன்று உண்டு. ரவுண்ட் ஹில் என்ற புள்ளி வரைக்கும் குறைந்தபட்சம் 3,400 அடி என்று வரைபடத்தில் போட்டிருக்கிறதே என்று கேப்டனே வாய்விட்டுச் சொல்கிறார், காக்பிட் ஒலிப்பதிவில் அது இருக்கிறது. சந்தேகம் சரியான நேரத்தில்தான் வந்தது. காக்பிட்டில் இருந்த மூன்று பேரும் தங்களுக்குள் பேசி, அனுமதி கொடுத்துவிட்டார்கள் அல்லவா, அப்படியென்றால் இறங்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். மைக்கை அழுத்தி எங்களிடம் கேட்டிருந்தால் சில நொடிதான் ஆகியிருக்கும். விமானி திருப்பிக் கேட்டால் குரலில் எரிச்சல் காட்டக் கூடாது என்று நான் பயிற்சியில் கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம். அலைவரிசையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் சரி. ஒருமுறை சிடுசிடுத்தால் அந்த விமானி அடுத்த முறை கேட்கத் தயங்குவார்.

குற்றம் யாருடையது என்பதில் விசாரணை வாரியமே இரண்டாகப் பிரிந்தது, 3 பேர் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம். எனக்கு அந்த விவாதத்தைவிட முக்கியமாகத் தெரிவது வேறு. சுமார் ஆறு வாரம் முன்னால், இதே டலஸ் அப்ரோச்சில் யுனைடெட் என்ற இன்னொரு நிறுவனத்தின் விமானம் இதே குழப்பத்தில் முன்கூட்டியே இறங்கி, மயிரிழையில் மலைக்குத் தப்பியிருந்தது. அந்த விமானிகள் அதை மறைக்காமல் சொன்னார்கள், நிறுவனமும் தன் விமானிகள் எல்லோரையும் எச்சரித்தது. ஆனால் டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் பாடம் இன்னொன்றுக்குப் போக அன்றைக்கு ஒழுங்கான வழி கிடையாது.

அப்புறம்தான் வழி உண்டானது. 1975இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே இப்படிப்பட்ட சம்பவங்களைப் பற்றிய அறிக்கைகளை வாங்கத் தொடங்கியது, ஆனால் லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் போய் யார் மனம்விட்டுச் சொல்வார்கள்? அதனால் 1976இல் அந்த அதிகாரம் இல்லாத நாசாவிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். விமானியோ கன்ட்ரோலரோ எழுதி அனுப்பினால், பெயர் இருக்கும் துண்டை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, நடந்ததை மட்டும் எல்லோருக்கும் பகிர்வார்கள். விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் பெயரை மறைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒன்றும் ஆகவில்லையே, இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று ஜூனியர்கள் கேட்பார்கள். அந்த யுனைடெட் விமானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதிவிடு என்றுதான் சொல்கிறேன்.