படம் சேமித்தாயிற்றா? பெயரின் வாலையும் பாருங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய சிறிய அச்சுக் கடை ஒன்றில் கணினி வடிவமைப்புச் செய்கிறேன். எங்களிடம் வரும் வேலையில் பெரும்பங்கு கல்வெட்டு. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு அன்று வந்தவர்களின் கையில் கொடுக்க வேண்டிய நினைவு மலர் என்பதால் திகதியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

அண்மையில் ஓர் அம்மா பென் ட்ரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, ஐயாவின் படம் இதற்குள் இருக்கிறது. முதல் பக்கத்தில் முழுதாகப் போட்டுத் தாருங்கள்" என்றார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கம் ஒன்றின் இணையதளத்தில் அவருடைய கணவரின் படம் இருந்திருக்கிறது. மகன் அதை வீட்டுக் கணினியில் நான்கு தரம் சேமித்துப் பார்த்திருக்கிறார். நான்கு கோப்புகள், ஒன்றையும் அச்சிட முடியவில்லை. அச்சுக்குக் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதல் கோப்பு எங்கள் போட்டோஷொப்பில் திறக்கவே இல்லை. அதன் பெயர் 'வெப்பி' என்ற வாலுடன், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் அந்த எழுத்துகளுடன், முடிந்தது. கூகிள் 2010இல் அறிமுகப்படுத்திய பட வடிவம் அது. வழக்கமான பட வடிவமான ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பில் அதே தெளிவைத் தருவதால் இணையதளங்கள் அதை விரும்பிப் பயன்படுத்துகின்றன. போட்டோஷொப் அதைக் கூடுதல் இணைப்பு எதுவும் இல்லாமல் திறக்கத் தொடங்கியது 2022இல்தான். எங்களிடம் ஓடுவது அதற்கு முந்திய பதிப்பு. இப்படிப்பட்ட படத்தை விண்டோஸ் 11இல் உள்ள பெயின்ட்டில் திறந்து, ஜேபெக்காகச் சேமித்தால் வேலை முடிந்தது. பெயரில் உள்ள வாலை மட்டும் ஜேபெக்குக்கு உரிய 'ஜேபிஜி' என்று மாற்றுவது அரிசிப் பேணியில் சீனி என்று எழுதி ஒட்டுவதைப் போன்றது. 'ஜேஃபிஃப்' என்று முடியும் கோப்பு மட்டும் விதிவிலக்கு. உள்ளே இருப்பது ஜேபெக்தான் என்பதால் அங்கே பெயரை மாற்றினாலே போதும்.

வடிவம் மாற்றித் தருவதாகச் சொல்லும் இலவசத் தளங்களில் குடும்பப் படங்களை ஏற்றாதீர்கள். அடையாள அட்டையின் படத்தைக்கூட ஏற்றிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எந்த நாட்டுக் கணினியில் போய்க் கிடக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டாவது கோப்பு திறந்தது. ஐயாவின் முகமும் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அதன் அளவு 225க்கு 225 புள்ளிகள். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் படம் முக்கால் அங்குலத்துக்குத்தான் காணும். கல்வெட்டின் ஏ5 பக்கம் முழுவதையும் நிரப்ப ஏறத்தாழ 1748க்கு 2480 புள்ளிகள் தேவை. இருப்பதை இழுத்துப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கரைந்து வேறு யாரோ ஒருவர் போல ஆகிவிடும். இறந்தவரின் படத்துக்கு அப்படிச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

இந்தப் பிழை எங்கே நடக்கிறது? பெரும்பாலும் கூகிள் தேடல் பக்கத்தில். அங்கே தெரிபவை சிறு முன்னோட்டங்கள். ஒன்றைத் தட்டியதும் பக்கத்தில் விரியும் படமும் முதலில் அதே முன்னோட்டம்தான். சற்றுப் பொறுத்தே அசல் வந்து சேரும். இணைப்பு மந்தமாக இருக்கும் வீடுகளில் அது வருவதற்குள் சேமித்துவிடுகிறார்கள். முன்பு அசலுக்கு நேரே கொண்டுபோகும் பொத்தான் ஒன்று இருந்தது. 2018 பெப்ரவரியில் கூகிள் அதை எடுத்துவிட்டது. ஆகவே படம் இருக்கும் தளத்துக்கே போய், படத்தைத் தனித் தாவலில் திறந்து பாருங்கள். அப்போது முகவரியின் கடைசியில், வாலுக்குச் சற்று முன்பு, ஒரு சிறு கோடும் 300x225 போன்ற இரண்டு எண்களும் தெரிந்தால் அது சுருக்கிய பிரதி. அந்தக் கோட்டையும் எண்களையும் அவற்றுக்கு இடையில் உள்ள எழுத்தையும் அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் கட்டிய தளமாக இருந்தால் பல நேரங்களில் பெரிய படம் வந்து நிற்கும். ஐயாவின் படத்துக்கு நான் முதலில் செய்து பார்த்ததும் இதைத்தான். 600 புள்ளி அகலத்தில் ஒன்று வந்தது. போதவில்லை.

மூன்றாவது கோப்பு படமே அல்ல, ஓர் இணையப் பக்கம். வலது சொடுக்கில் வரும் பட்டியலில் 'சேவ் இமேஜ் ஆஸ்' என்பதற்குப் பதிலாக அருகில் உள்ள 'சேவ் லிங்க் ஆஸ்' என்பதைத் தட்டினால் இப்படி வரும்.

என்னை அச்சப்படுத்தியது நான்காவது கோப்புத்தான். திரையில் அதன் பெயர் 'ஜேபிஜி' என்றுதான் முடிந்தது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளின் வாலை வழக்கமாக மறைத்துவிடும். அதைக் காட்டச் செய்ததும், ஜேபிஜிக்குப் பின்னால் ஒளிந்திருந்த 'ஈஎக்ஸ்ஈ' வெளியே வந்தது. அது படம் அல்ல. தட்டினால் ஓடத் தொடங்கும் மென்பொருள். மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். வேறொரு தளத்தில் படத்துக்குக் கீழே பச்சை நிறத்தில் பெரிதாக 'டவுன்லோட்' என்று இருந்ததைத் தட்டியதாகச் சொன்னார். நல்ல வேளையாக அதை அவர் திறந்து பார்க்கவில்லை. நான் அந்தக் கோப்பை அழித்து, பென் ட்ரைவை முழுதாகச் சோதித்த பிறகே மற்ற வேலையைத் தொட்டேன். அத்தகைய பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். படத்தைச் சேமிக்க வலது சொடுக்குப் போதும். கைத்தொலைபேசியில் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் கோப்புறையைத் திறந்து, மேலே 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றைக்கே தெரிவுசெய்துவிடுங்கள்.

'படங்களை ஒரே தட்டில் இறக்கலாம்' என்று சொல்லி உலாவியில் ஒட்டிக்கொள்ளும் நீட்சிகளிலும் கவனம் வேண்டும். எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் அவற்றில் பல அனுமதி கேட்கும். 'எல்லாத் தளங்களும்' என்பதில் உங்கள் வங்கியின் தளமும் அடக்கம்.

சேமிக்கவே முடியவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தக் கோப்புறைக்குள் என்பதைத்தான். கழற்றிவிட்ட பென் ட்ரைவையே உலாவி இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். 'டவுன்லோட்ஸ்' கோப்புறைக்குள் போகும் படம் 'பிக்சர்ஸ்' கோப்புறைக்குள் மட்டும் போகவில்லை என்றால், விண்டோஸின் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்' என்ற கோப்புறைப் பாதுகாப்பு தடுக்கிறதா என்று பாருங்கள். பணம் பறிக்கும் வைரஸ்களிடமிருந்து படங்களைக் காக்க வந்தது அது. சில வேளை உலாவியையும் சேர்த்துத் தடுத்துவிடும். அதை முழுதாக நிறுத்திவிடாமல், உங்கள் உலாவிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

வலது சொடுக்கையே முடக்கி வைத்திருக்கும் தளங்களும் உண்டு. அதைத் தாண்டும் வழியை என்னிடம் கேட்பவர்கள் பலர். படத்தின் உரிமையாளருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள் என்றே சொல்கிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிழற்படங்களையும் காக்கிறது. அத்துடன், கேட்டால் கிடைப்பது அசல். திருட்டுத்தனமாக எடுத்தால் கிடைப்பது திரையில் உள்ள சுருங்கிய பிரதி.

ஐயாவின் படமும் கேட்டுத்தான் கிடைத்தது. அதை எடுத்தவர் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மருமகன். முதலில் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார். அது வழியிலேயே சுருங்கிவிட்டது. 'டொகியூமென்ட்' ஆக இணைத்து அனுப்பச் சொல்லி அந்த அம்மாவே மருமகனுக்குக் குரல் பதிவு அனுப்பினார். மறுநாள் காலை கடையைத் திறந்தபோது கோப்பு வந்திருந்தது. 4000 புள்ளி உயரம். பெரிதாக்கிப் பார்த்தேன். வேட்டிக் கரையின் இழையும் மூக்குக்கண்ணாடியில் விழுந்த சன்னல் வெளிச்சமும் தெளிவாகத் தெரிந்தன. அம்மா திரைக்கு அருகில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு முன் முதல் பக்கம் அச்சுக்குப் போயிற்று.