கழித்துப் பார்த்துக் கொரோனாச் சாவைக் கணக்கிடாதீர்கள்

பிறப்பு, இறப்புகளைப் பதியும் அரசின் குடிசார் பதிவு முறையின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை 2025 மே மாதம்தான் வெளிவந்தது. அன்று வாட்ஸ்அப்பில் தொடங்கிய கழித்தல் கணக்கு இன்னும் ஓயவில்லை. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகள் 81.2 லட்சம், 2021-இல் 102.2 லட்சம். வித்தியாசம் 21 லட்சம். "மறைக்கப்பட்ட கொரோனாச் சாவு 21 லட்சம்" என்கிறது ஒரு தரப்பு. "பதிவு கூடியதால் வந்த ஏற்றம் அது, அந்த ஆண்டு கொரோனாவால் இறந்தவர்கள் 3.3 லட்சம் பேர்தான்" என்கிறது இன்னொரு தரப்பு. மருத்துவர்களே இவற்றைப் பகிர்வதைப் பார்த்தால் மனம் வெதும்புகிறது. இரண்டுமே தவறு.

பதிவான இறப்பு வேறு, நடந்த இறப்பு வேறு. 2018-இல் பதிவானவை 69.5 லட்சம், 2019-இல் 76.4 லட்சம். கொரோனாவே இல்லாத காலத்தில் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 7 லட்சம் கூடியது. காப்பீடு, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்கப்படுவதால் பதிவு செய்வோர் கூடிக்கொண்டே வந்தார்கள். தாமதமாகப் பதியப்படும் சாவு, பதிந்த ஆண்டின் கணக்கில் ஏறும். 2020 ஊரடங்கில் பதிய முடியாமல் போனவற்றில் ஒரு பகுதி 2021-இல் இருக்கும். அதனால் அந்த 21 லட்சத்தை அப்படியே கொரோனாவின் தலையில் கட்ட முடியாது.

அதற்காக எல்லாம் பதிவு கூடியதால் வந்தது என்பதும் நிற்காது. 2019-இல் நடந்த இறப்புகளில் 92 சதவீதம் பதிவானதாக அரசே மதிப்பிட்டது. அப்படியானால் அந்த ஆண்டு நடந்தவை சுமார் 83 லட்சம். ஒன்றுவிடாமல் எல்லாமே பதிவாகியிருந்தாலும், மக்கள்தொகை வளர்ச்சியையும் சேர்த்துக்கொண்டாலும், 102 லட்சத்தை எட்ட வழியில்லை. தாமதப் பதிவும் போக மிச்சம் இருப்பதுதான் மிகை இறப்பு, அதாவது வழக்கமான அளவுக்கு மேல் நடந்த இறப்பு. பரிசோதனையே செய்யாமல் வீட்டில் மூச்சுத் திணறி இறந்தவரும் அதில் உண்டு, டயாலிசிஸுக்குப் போக வழியின்றி இறந்தவரும் உண்டு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவில் 47 லட்சம் மிகை இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அந்தக் கணக்கு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. அது கணித மாதிரிகளை வைத்துப் போட்ட மதிப்பீடு, தலையெண்ணிக்கை அல்ல. 47 லட்சம் பேரும் வைரஸால் இறந்தார்கள் என்றும் அதற்குப் பொருள் இல்லை.

சரி, 3.3 லட்சம் ஏன் போதாது? மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்த இறப்புகள் 2021-இல் பதிவானவற்றில் 23.4 சதவீதம்தான். அந்தக் கால் பங்குக்குள்ளேயே கொரோனா என்று எழுதப்பட்டவை 4.13 லட்சம். நாடு முழுவதற்குமான சுகாதாரத் துறையின் தினசரிப் பட்டியலைவிட இது அதிகம். மீதி முக்கால் பங்குக்கு மருத்துவர் எழுதிய காரணமே இல்லை. சென்னையிலும் இந்த இடைவெளி தெரிந்தது: மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை ஒப்பிட்டபின், விடுபட்ட 444 கொரோனா இறப்புகள் 2020 ஜூலையில் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன.

சக மருத்துவர்களுக்கு ஒன்று, கொஞ்சம் கோபத்தோடே. மருத்துவமனையில் இறந்தவருக்கு நாம் எழுதும் இறப்புக் காரணச் சான்றான படிவம் 4-இல் "இதயமும் சுவாசமும் நின்றது" என்று எழுதுவதை விடுங்கள். சாகும் எல்லோருக்கும் அது நிற்கும். முதல் பகுதியின் (அ) வரியில் உடனடிக் காரணம், எடுத்துக்காட்டாகக் கடும் மூச்சுத் திணறல் நோய்க்குறி. (ஆ)-வில் நிமோனியா. கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த கோவிட்-19. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, நோய் தொடங்கி எத்தனை நாள் என்று எழுதுங்கள். அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே வருகிறது. பத்து வருடம் சர்க்கரையோடு நடமாடியவர் பத்து நாள் காய்ச்சலில் இறந்தால், சர்க்கரையால் இறந்தார் என்று எழுதுவது பிழை. தேசியப் புள்ளிவிவரம் அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது.

பொருளாதார எண்களிலும் இதே கண்மூடித்தனம். 2021 ஏப்ரல்-ஜூனில் ஜிடிபி 20.1 சதவீதம் வளர்ந்தது என்றதும் கொண்டாட்டம். முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் அது 24.4 சதவீதம் விழுந்திருந்தது. 100 ரூபாய் 75.60 ஆகி, அதன்மேல் 20.1 சதவீதம் ஏறினால் ஏறத்தாழ 90.80. இரண்டு வருடத்துக்கு முன் இருந்த இடத்துக்கு இன்னும் 9 ரூபாய் குறை.

வேலையின்மை இன்னும் மோசமாகப் படிக்கப்படுகிறது. தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பில் அது 2018-19-இல் 5.8, 2019-20-இல் 4.8, 2020-21-இல் 4.2 சதவீதம். பெருந்தொற்றில் வேலை பெருகியதா? இல்லை. நகரத்தில் கூலி இழந்து ஊர் திரும்பியவர் குடும்ப நிலத்தில் சம்பளமின்றி உழைத்தாலும் "வேலையில் இருப்பவர்"தான். வேளாண்மையில் இருப்போரின் பங்கு அதே மூன்று ஆண்டுகளில் 42.5-இலிருந்து 46.5 சதவீதமாக ஏறியதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு எண்ணைப் பகிருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பதிவா, மதிப்பீடா? எந்த அடித்தளத்தோடு ஒப்பீடு? எண்ணப்படாதவர் யார்? பதில் தெரியாவிட்டால் பகிராதீர்கள்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். துக்கத்தில் இது தோன்றாது, தெரியும். ஆனாலும் 21 நாளுக்குள் பதியுங்கள். அதன்பின் 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை எழுத்துமூல அனுமதி, அதைத் தாண்டினால் மாவட்ட அல்லது கோட்ட அளவிலான நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் காரணச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின் நெருங்கிய உறவினருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். வாங்கியதும் அங்கேயே நின்று, கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.