‘அரங்கப் பாறை’ அன்று, ‘திடல் ராக்’

சிம்பிள் மைண்ட்ஸ் என்னும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர இசைக்குழுவைப் பற்றி அண்மையில் ஒரு தமிழ்க் குறிப்பைப் படித்தேன். 1984-இல் வெளிவந்த ‘ஸ்பார்க்கிள் இன் த ரெயின்’ என்ற தொகுப்பின் வழியே அக்குழு ‘புதிய அலையிலிருந்து அரங்கப் பாறைக்கு’ நகர்ந்ததாக அதில் எழுதியிருந்தது. ‘நியூ வேவ்’, ‘ஸ்டேடியம் ராக்’ என்ற ஆங்கில இசைவகைப் பெயர்களைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் இதைப் படித்தால் கடலோரத்தில் அலை பாறையில் மோதும் காட்சிதான் மனத்தில் எழும்; இசை எழாது. ‘பாறை இசை’ என்ற வழக்கைப் பல ஆண்டுகளாகக் கண்டும் கேட்டும் பொறுத்திருக்கிறேன். இப்போது அதன் முன்னே ‘அரங்கம்’ என்ற இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டு, இரண்டுமாக ஒரு கலைச்சொல்லாக நிலைபெறப் பார்க்கின்றன. அதை மறுத்து எழுதியே ஆக வேண்டும்.

முதலில் பொருள். ‘ஸ்டேடியம் ராக்’ என்பது பல்லாயிரம் பேர் கூடும் திறந்தவெளியில் கடைசி வரிசையில் நிற்பவரையும் எட்டும்படி அமைக்கப்படும் ராக் இசை. ‘ஸ்டேடியம்’ கிரேக்கச் சொல். முதலில் அது ஏறத்தாழ 600 அடி கொண்ட ஒரு நீட்டலளவை. பிறகு அந்நீளமுள்ள ஓட்டத்தடத்தையும், அதன்பின் பார்வையாளர் அமரும் படிகளோடு கூடிய களத்தையும் குறித்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ராக்’ என்பதோ ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடைய இரண்டு வேறு சொற்கள். ஒன்று பழைய பிரெஞ்சிலிருந்து வந்த பெயர்ச்சொல்; அதற்குப் பாறை என்று பொருள். மற்றொன்று பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வினைச்சொல்; தொட்டில் போல அசைவது, அசைப்பது என்று பொருள். இசையின் பெயர் இரண்டாவதிலிருந்து பிறந்தது. ‘ராக் அண்ட் ரோல்’ என்ற தொடர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் ஆட்டத்தையும் காமத்தையும் வழிபாட்டுப் பரவசத்தையும் குறித்து வழங்கியது. 1950-களில் ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர் அதை ஓர் இசைவகையின் பெயராகப் பரப்பினார். இதில் எந்த இடத்திலும் பாறை இல்லை.

ஆகவே ‘பாறை இசை’ என்பது ஒலியொப்புமையில் ஏமாந்த மொழிபெயர்ப்பு. ஆறுமுகன் என்ற பெயரை ஒருவர் ‘நதிமுகன்’ என்று வேற்றுமொழியில் பெயர்த்தால் நாம் ஏற்போமா? இதை எடுத்துச் சொன்னால் ஒரு மறுமொழி வருகிறது: ‘சொற்பிறப்பு எதுவாயினும் ஆகட்டும், அந்த இசை வன்மையானது, பாறை என்ற சொல் அவ்வன்மையை உணர்த்துகிறது, ஆகையால் பொருந்தும்’ என்கிறார்கள். இந்த வாதம் நிற்காது. ராக் இசையின் கிளைகளில் வன்மையானதை ஆங்கிலத்தில் ‘ஹார்ட் ராக்’ என்றும் மென்மையானதை ‘சாஃப்ட் ராக்’ என்றும் தனித்தனியே பிரிக்கிறார்கள். பாறை என்பதே வன்மையைக் குறிக்குமானால் முன்னது கூறியது கூறலாகவும் பின்னது முரணாகவும் முடியும். அதைவிட, ‘மென்பாறை’, ‘கடும்பாறை’ ஆகியவை நிலவியல் பாடத்தில் இருக்க வேண்டிய சொற்கள். அவற்றை இசைப் பக்கத்தில் காணும் மாணவர் எந்தத் துறை நூலைப் படிக்கிறோம் என்றே குழம்புவார்.

தமிழில் கல்லுக்கும் இசைக்கும் உண்மையான உறவு ஒன்று முன்பே இருக்கிறது என்பதையும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் உள்ள இசைத்தூண்களைத் தட்டினால் வெவ்வேறு சுருதிகள் எழும். ‘கல்லிசை’, ‘பாறை இசை’ என்ற தொடர்களுக்கு நம் மண்ணில் நேரான பொருள் தேடினால் அங்கேதான் சென்று நிற்கும். போதாததற்கு, ‘பாறை’ என்பதில் துணைக்கால் விடுபட்டால் ‘பறை’ ஆகிவிடும். பறையிசை நமக்குத் தனி வரலாறும் மதிப்பும் உடைய இசை. அச்சில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் கிளாஸ்கோவின் மின்கிட்டார்க் குழு பறையிசைக் குழுவாகிவிடும் இடத்தில் ஒரு கலைச்சொல்லை நிறுத்துவது பொறுப்பான செயல் அன்று.

அப்படியானால் அசைவுப் பொருளில் ஒரு தமிழ்ச் சொல்லை ஆக்கலாமே என்று கேட்கலாம். முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ‘துள்ளிசை’ என்பது நல்ல சொல்தான். ஆனால் அது பாப் இசைக்கு வழங்கிவருகிறது, துள்ளலோசை யாப்பில் கலிப்பாவுக்கும் உரியது. வேர்ப்பொருளுக்கு மிக அருகில் நிற்பது வஞ்சிப்பாவுக்குரிய ‘தூங்கல்’. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்கி அசைதல். தூங்கணாங்குருவியின் பெயரில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. எனினும் இன்றைய காதுக்கு அது உறக்கத்தையே சொல்லும் என்பதால் உரத்து முழங்கும் ஓர் இசைக்கு அதைச் சூட்ட வழியில்லை. எனவே ‘ராக்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்வதே முறை. கஜல், கவாலி, ஜாஸ் ஆகியவற்றை நாம் பெயர்க்கவில்லை. நம்முடைய பண்ணையும் தெம்மாங்கையும் பிறர் பெயர்க்க வேண்டும் என்று விரும்பவும் மாட்டோம். வடசொல்லை அதன் எழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்த ஏற்கத் தொல்காப்பியம் வழிவிட்டது. ஓர் இசைவகையின் பெயரை அதே நெறியில் ஏற்பதால் தமிழின் தூய்மை கெடாது. பொருந்தாத தமிழ்ச்சொல்லை அதன்மேல் ஒட்டுவதால்தான் கெடும்.

இனி ‘அரங்கம்’. இச்சொல்லின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு, அதனாலேயே அதை இங்கே இழுப்பதை எதிர்க்கிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கை ‘எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து’ என்று அளந்து சொல்கிறது. கோலின் அளவு இருபத்துநான்கு விரல் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. விரல் அளவில் கணக்கிடப்பட்ட, எழினி என்னும் திரையும் தூணும் விளக்கும் கொண்ட, முகபாவம் தெரியும் தொலைவில் அவை அமர்ந்து காணும் இடமே அரங்கு. இன்றும் ‘அரங்கிசை’ என்றால் கச்சேரி மண்டபத்துக்குள் நிகழும் செவ்வியல் இசையைத்தான் நினைப்போம். ஸ்டேடியம் ராக் இதற்கு நேர் எதிரானது. அங்கே முகமே தெரியாது.

‘விளையாட்டரங்கம் என்று அரசே எழுதுகிறதே, அதன் சுருக்கம்தானே அரங்கம்’ என்று வாதிடுவோர் அடைமொழியின் வேலையை உணரவில்லை. ‘விளையாட்டு’ என்ற அடை இருக்கும்போதுதான் அரங்கம் தன் பழைய பொருளை விட்டு விரிகிறது. அடையை நீக்கியவுடன் சொல் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும். சரி, ‘விளையாட்டரங்க ராக்’ என்று முழுமையாக எழுதலாமே என்றால், அது விளையாட்டுப் போட்டிகளின் இடைவேளையில் ஒலிக்கும் இசை என்று பொருள்படுகிறது. மேலும் அமெரிக்கர்கள் ‘அரீனா ராக்’ என்று வேறொரு சொல்லையும் ஆள்கிறார்கள். ஜர்னி, பாஸ்டன், ஃபாரினர் போன்ற குழுக்கள் 1970-களில் கூரையுள்ள மாபெரும் மண்டபங்களை நிரப்பியபோது பரவிய பெயர் அது. அரங்கம் என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது? அதற்குப் ‘பேரரங்க ராக்’ என்பதை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை.

சொல்லைத் தேர்வதற்கு முன் அது சுட்டும் பொருளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சிம்பிள் மைண்ட்ஸ் 1982-இல் வெளியிட்ட ‘நியூ கோல்ட் ட்ரீம்’ தொகுப்பில் விசைப்பலகையின் ஒலி மெல்லிய பனித்திரை போலப் பரவுகிறது; கிட்டார் அதற்குள் ஒளிந்து மின்னுகிறது; பாடகர் ஜிம் கெர் ஒருவர் காதில் சொல்வதுபோலப் பாடுகிறார். இரண்டாண்டு கழித்து வந்த ‘ஸ்பார்க்கிள் இன் த ரெயின்’ தொகுப்பைத் தயாரித்தவர் ஸ்டீவ் லில்லிவைட்; யூ2 குழுவின் முதல் மூன்று தொகுப்புகளைத் தயாரித்திருந்தவர். இதில் குழுவின் மேளக்காரர் மெல் கெய்னரின் மேளம் முன்னே வந்துவிட்டது. பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980-ஆம் ஆண்டுத் தொகுப்பில் லில்லிவைட்டும் ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜமும் ஃபில் காலின்ஸின் மேளத்துக்கு அமைத்த ஒலி, அதாவது அறையின் முழக்கத்தைப் பெரிதாக எழவிட்டுச் சட்டென்று வெட்டிவிடும் முறை, அப்பத்தாண்டின் பெரிய மேள ஒலிக்கு வழிகாட்டியது. அந்தப் பெருமுழக்கத்தின் உலகில்தான் இத்தொகுப்பும் நிற்கிறது.

இதிலுள்ள ‘வாட்டர்ஃபிரண்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெரெக் ஃபோர்ப்ஸின் பேஸ் கிட்டார் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த ஒற்றைச் சுரத்தின் மேல் மேளம் இறங்குகிறது. அதன்மேல் சார்லி பர்ச்சிலின் கிட்டார் அகலமாக விரிகிறது. வரிகளும் நீண்டு இழுபடும் சொற்களாக அமைகின்றன. இது சோம்பல் அன்று, கணக்கு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும்; மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேளத்தின் அடி ஏறக்குறைய நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதித்துச் சேரும்; எதிரொலியும் கலக்கும். நுணுக்கமான விரைவுக் கோவைகள் அத்தொலைவில் குழைந்துவிடும்; ஒற்றைச் சுரமும் பெரிய அடியும் கூட்டமே சேர்ந்து பாடத்தக்க பல்லவியும் குழையாமல் சென்றடையும். 1965 ஆகஸ்ட் 15 அன்று பீட்டில்ஸ் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன் பாடியபோது கூட்டத்தின் கூச்சலில் பாட்டே கேட்கவில்லை என்பது நன்கறிந்த செய்தி. அவர்கள் பாடிய இடம் ஸ்டேடியம். பாடிய இசை ஸ்டேடியம் ராக் அன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘வாட்டர்ஃபிரண்ட்’ பாட்டின் காணொளி படமாக்கப்பட்டது கிளாஸ்கோவின் பாரோலேண்ட் என்னும் ஆட்டக்கூடத்தில். அங்கே கொள்வது ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். பாட்டு கிளைட் நதிக்கரையின் கப்பல் கட்டுந்தொழில் நலிந்ததைப் பின்புலமாகக் கொண்டது. இசையோ அந்தக் கூரையை மீறி விரிகிறது. 1983 ஆகஸ்டில் யூ2-வுடன் இவர்கள் மேடையேறிய இடம் டப்ளினின் ஃபீனிக்ஸ் பார்க் குதிரைப் பந்தய வெளி. 1986-இல் இசைத்த மில்ட்டன் கீன்ஸ் பவுல் பழைய களிமண் குழியிலிருந்து உருவான திறந்த சரிவு. 1985 ஜூலை 13-இல் லைவ் எய்ட் என்னும் நிதிதிரட்டு இசைநிகழ்ச்சிக்காகப் பாடிய ஃபிலடெல்ஃபியாவின் ஜான் எஃப். கென்னடி ஸ்டேடியம்தான் சொல்லுக்கு நேரான ஸ்டேடியம். ஆக, இச்சொல் கட்டடத்தின் பெயரால் ஒரு பாணியைக் குறிக்கிறது.

அதனால்தான் ‘திடல் ராக்’ என்று எழுத வேண்டும் என்கிறேன். திடல் என்பதற்கு மேட்டு நிலம் என்பது பழம்பொருள். ‘திடர்’ என்ற வடிவமும் உண்டு. இன்று அது பெருங்கூட்டம் கூடும் திறந்தவெளிக்கு நிலைத்துவிட்ட சொல். சென்னையின் தீவுத்திடலை அறியாதவர் இல்லை. பொதுக்கூட்டம் நடக்கும் திடல் இல்லாத ஊரும் அரிது. மலேசியத் தமிழர் பள்ளி விளையாட்டு வெளியையே திடல் என்கிறார்கள். கூரையின்மை, அகலம், திரள் மூன்றும் அச்சொல்லில் ஒருங்கே உள்ளன. இடத்தின் பெயர் பாணியைக் குறிப்பதும் தமிழுக்குப் புதிதன்று: ‘மேடைப் பேச்சு’ என்றால் மேடையில் பேசியது என்று மட்டுமா கொள்கிறோம்? வீட்டுக்கூடத்தில் நால்வர் முன் குரலுயர்த்திப் பேசினாலும் மேடைப் பேச்சுத்தான். ஸ்டேடியம் ராக் என்பதைப் பிரித்தானிய இசை விமர்சகர்கள் பல நேரம் இகழ்ச்சியாகவும் ஆண்டார்கள். ‘மேடைப் பேச்சு’ போலவே ‘திடல் ராக்’ புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் வளைந்து கொடுக்கும். ‘மைதான ராக்’ என்பாரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அரபு, பாரசீகம் வழி வந்த அச்சொல் மக்கள் நாவில் ஊறியது. ஆனால் நிகரான தமிழ்ச்சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது அதை விடுவானேன்?

இசை பற்றி மொழிபெயர்ப்போர் பலர் பாட்டைக் கேட்பதற்கு முன்பே அகராதியைத் திறந்துவிடுகிறார்கள் என்பதே என் மனக்குறை. பெயர்க்கக் கூடாததைப் பெயர்க்கிறார்கள், பெயர்க்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். ‘புதிய அலை’ என்பது சரியான பெயர்ப்பு, ஏனெனில் அங்கே அலை என்ற உருவகம் மூலத்திலேயே இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு இளந்தலைமுறைக்கும் திரைப்படத்துக்கும் சூட்டிய பெயரை 1977 வாக்கில் அமெரிக்க இசைநிறுவனத்தாரும் இதழ்களும் பங்க் என்ற இசைவகைப் பெயருக்கு மாற்றாகப் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் அது திரைப்படத்தையே முதலில் நினைவூட்டும் என்பதால் முதல் இடத்தில் ‘புதிய அலை இசை’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம்.

எழுத்து முறை பற்றி ஒன்று. ‘திடல் ராக்’ என்று பிரித்தே எழுதுக. வேற்றுமை உருபு ஏற்கும்போது ககரம் இரட்டித்து ‘திடல் ராக்கை’, ‘திடல் ராக்கின்’, ‘திடல் ராக்குக்கு’ என்று வரும். மொழிமுதல் ரகரத்துக்கு முன் இகரம் சேர்த்து ‘இராக்கு’ என்று எழுதினால் மேற்காசிய நாடு நினைவுக்கு வரும், அதைத் தவிர்க்க. இலங்கையில் ‘ரொக்’ என்று எழுதுவோர் தம் ஒலிப்பு மரபின்படி ‘திடல் ரொக்’ என்று எழுதலாம்.