அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள்

போன வாரம் வந்த பார்சலைப் பிரித்ததும் பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசம் அடித்தது. அப்போதே வயிற்றைக் கலக்கியது. உள்ளே வெல்வெட் பதித்த பழைய தோல் பெட்டி. அதற்குள் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் தலைப்பாகை கட்டிய தாடிக்காரர் முகம் செதுக்கிய பைப். மூக்கும் நெற்றியும் சுண்ணாம்பு வெள்ளை. தாடியின் மடிப்புகளிலும் தலைப்பாகையின் சுருக்கங்களிலும் மட்டும் கருந்தேன் நிறம் மிச்சம் இருந்தது. விடிய விடியக் கூத்தாடி வேர்வையில் அரிதாரம் வழிந்தவர் முகம் போல இருந்தது. கூடவே ஒரு சீட்டு: "பரணில் கிடைத்தது. முடிந்தவரை சுத்தம் செய்துவிட்டேன். மீதி அழுக்கை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்."

இந்த வருடத்தில் இது நான்காவது.

நான் லண்டன் புறநகரில் பழைய பைப்புகளைப் பழுதுபார்க்கிறவன். (புகைக்கிற பைப். "பைப் ரிப்பேர்" என்று சொல்லிவைத்ததற்கு, அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்ட சொந்தக்காரர்கள் உண்டு.) இப்போதெல்லாம் நம் ஆட்களும் துருக்கிக்குச் சுற்றுலா போய், இஸ்தான்புல் கிராண்ட் பஜாரில் ஒரு மீர்ஷாம் வாங்கிவந்து, இரண்டே மாதத்தில் விரிசலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் இது.

முதலில் இது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மீர்ஷாம் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கடல்நுரை என்று பொருள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேட்டால் கணவாய் ஓட்டை எடுத்துத் தருவார்கள். அது வேறு, இது வேறு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், 1847இல் இந்தக் கனிமத்துக்கு செபியோலைட் என்று பெயர் வைத்த குளோக்கர் என்ற கனிமவியலாளரும் கணவாய் ஓட்டுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் லேசு, இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மற்றபடி கடலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது மண்ணுக்குள் கட்டி கட்டியாகக் கிடைக்கும் மெக்னீசியம் சிலிகேட். நல்ல சரக்கு துருக்கியின் உள்நாட்டில், எஸ்கிஷெஹிர் நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தோண்டி எடுக்கப்படுகிறது. அங்கே இதற்கு லூலெதாஷி என்று பெயர், பைப் கல் என்று அர்த்தம்.

கல் என்ற பேரைக் கேட்டுத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இது 2 அளவுதான். நகமே கீறிவிடும். எஸ்கிஷெஹிரில் செதுக்குகிறவர்கள் கல்லை நீரில் ஊறவைத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். நனைந்தால் சோப்புக் கட்டியைப் போலக் கத்திக்குச் சீவ வரும். செதுக்கி, உலர்த்தி, மெருகேற்றி, கடைசியில் உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். நீங்கள் அடுப்படித் தொட்டியில் போட்டு ஊறவைக்கும்போது இந்த வேலை முழுவதையும் பின்னோக்கி ஓட்டுகிறீர்கள். மெழுகு போகிறது, கல் இளகுகிறது, உரசும் பஞ்சு செதுக்கலைத் தின்கிறது. அந்தத் தாடிக்காரருக்கு இப்போது ஒரு பக்கம் புருவமே இல்லை.

என் கோபத்துக்கு முக்கியக் காரணம் அந்த நிறம். புது மீர்ஷாம் பால் வெள்ளையாக இருக்கும். புகைக்கப் புகைக்க, உள்ளே ஊறும் புகையிலைச் சாறும் எண்ணெய்களும் கல்லின் துளைகள் வழியாக மெழுகுக்கு வந்து சேரும். முதலில் தண்டின் பக்கமும் புகையிலை எரியும் கிண்ணத்தின் அடியும் வெளிர் மஞ்சளாகும், பிறகு தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. வருடக் கணக்கில் ஆகும். மீர்ஷாம் வாங்குகிறவர்கள் வாங்குவதே இந்த நிறத்துக்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னாவில் செதுக்கிய பைப் ஒன்று ஏலத்துக்கு வந்தால் அந்த நிறத்துக்கும் சேர்த்துத்தான் விலை. பாட்டியின் கல்சட்டி கறுத்திருக்கிறது என்று யாராவது அரத்தால் ராவுவார்களா? தேக்கு ஊஞ்சல் பலகை பழுத்த நிறத்தில் இருக்கிறது என்று பிளீச் போடுவார்களா? பித்தளையைப் புளி போட்டு விளக்கலாம், அடியில் பித்தளை இருக்கிறது. இங்கே நிறத்தை எடுத்தால் அடியில் வெறும் வெள்ளைக் கல்தான். அந்த நிறத்தை ஏற்றியவர் செத்து எண்பது வருடம் ஆகியிருக்கலாம். என்னால் திரும்ப மெழுகு ஏற்ற முடியும். அவரைத் திரும்பப் புகைக்க வைக்க முடியாது.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. சீக்கிரம் நிறம் வரவேண்டும் என்று ஒரு நாளைக்கு ஐந்து முறை கொளுத்துகிறவர்கள், தேநீர்ச் சாயத்தில் முக்குகிறவர்கள். கடையில் பழையது போலத் தோன்றும் சிலவும் சாயம் கலந்த மெழுகில் முக்கி எடுத்தவைதான். நிறம் ஒரே சீராக, வாய்ப்பக்கம் முதல் விளிம்பு வரை ஒன்றுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கும்போது "பிளாக்" மீர்ஷாமா என்று கேளுங்கள். முழுக் கட்டியில் குடைந்ததுதான் பிளாக். செதுக்கும்போது விழும் தூளையும் சில்லுகளையும் பசை சேர்த்து அழுத்தி வார்ப்பது "பிரெஸ்டு". அது கனமாக இருக்கும், ஒழுங்காக நிறமேறாது. ஆப்பிரிக்க மீர்ஷாமும் உண்டு, கென்யா-தான்சானியா எல்லையில் அம்போசெலிப் பக்கத்துச் சரக்கு. கெட்டியானது. பெரும்பாலும் சாயமேற்றித்தான் விற்பார்கள். புகைக்க நல்லதுதான், அந்த நிறத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வெட்டாத கல்லை ஏற்றுமதி செய்ய 1970களிலேயே துருக்கி தடை போட்டுவிட்டது. ஆகவே இன்றைய பிளாக் பைப்புகளில் பெரும்பாலானவை அங்கேயே செதுக்கியவை. வேறு நாட்டுப் பெயரோடு மலிவாக வந்தால் இரண்டு கேள்வி அதிகமாகக் கேளுங்கள்.

கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்க வேண்டும். புதுக் கிண்ணத்தின் உட்புறம் மெழுகில்லாமல் இருக்கும். ஈர நாக்கை வைத்தால் லேசாக ஒட்டும். (பழைய பைப்பில் இந்தச் சோதனை வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.) உலர்ந்த மீர்ஷாம் தண்ணீரில் மிதக்கும் என்பது உண்மை. அதைப் படித்துவிட்டு வாளியில் போட்டுப் பார்த்தவரும் என் வாடிக்கையாளர்தான்.

சுல்தான் தலை, முட்டையைப் பிடித்த கழுகு நகம் எல்லாம் முதல் பைப்புக்கு வேண்டாம். செதுக்கல் அதிகமானால் கல்லின் குறைகளை அதற்குள் ஒளிக்கலாம். வழவழப்பான சாதாரண வடிவத்தில் ஒளிக்க இடமில்லை, அதனால்தான் குறையில்லாத வழவழப்பு பைப் விலை கூடுதலாக இருக்கிறது. சின்னதாக, சுவர் தடிமனாக, நேராகவோ லேசாக வளைந்தோ இருக்கும் ஒன்றை எடுங்கள். பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) வாய்ப்பக்கமிருந்து விடுங்கள், தடங்கல் இல்லாமல் கிண்ணத்தின் அடியில் தலைகாட்ட வேண்டும். தலைகாட்டவில்லை என்றால் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இனி உடையும் கதை. என் மேசைக்கு வரும் விரிசல்களில் பாதிக்கு மேல் தண்டில்தான். சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றினால் தண்டு பிளக்கும். ஆறட்டும். அரை மணி நேரம் பொறுக்க முடியாதவர் வேறு பைப் பிடிக்கலாம். கழற்றும்போது கிண்ணத்தைப் பிடிக்காதீர்கள், மூட்டுக்கு அருகில் தண்டைப் பிடியுங்கள். இப்போதைய துருக்கி பைப்புகளில் தண்டுக்குள் ஒரு நைலான் மரை திருகியிருக்கும். போடும்போதும் எடுக்கும்போதும் வலப்பக்கமாகவே, கடிகார முள் ஓடும் திசையில் திருகுங்கள். இடப்பக்கம் திருகினால் அந்த மரையே கழன்று வரும். பழைய பைப்புகளின் எலும்பு மரை இன்னும் நோஞ்சான். வாய்க்குழல் அம்பராக, அதாவது கல்லாகிப்போன மரப்பிசினாக இருந்தால் அதைக் கண்ணாடி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அசல் அம்பரா என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்தாதீர்கள். அசல்தான், இப்போது ஓட்டையோடு.

சாம்பலைக் கொட்ட மேசையில் தட்டாதீர்கள், கரண்டியால் எடுங்கள். ஜெட் லைட்டர் வேண்டாம், விளிம்பு கருகும். சூட்டில் மெழுகு இளகியிருக்கும், அப்போது கிண்ணத்தைத் தொட்டால் கைரேகை பதியும். தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். வெள்ளைக் கையுறை அளவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை.

பிரையர் மர பைப் பழகியவர்கள் செய்யும் தவறு ஒன்று. மரத்துக்குள் கரிப்படலம் சேர வேண்டும், அது மரம் எரியாமல் காக்கும். மீர்ஷாம் எரியாது, அதற்குக் காவல் வேண்டியதில்லை. படலம் தடித்தால் சூட்டில் அது விரியும் அளவு வேறு, கல் விரியும் அளவு வேறு. பொங்கலன்று பானை வெடித்த மாதிரிக் கிண்ணம் வெடித்து வருகிறது. புகைத்து ஆறியதும் டிஷ்யூ தாளை முறுக்கி உள்ளே சுழற்றுங்கள், உலர்ந்த கிளீனரைக் குழலில் விட்டு எடுங்கள். தண்ணீர், சோப்பு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் சும்மா கிடந்தால் பைப்புக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

உங்களுக்கும் என்று சொன்னேன். புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் பைப்பால் கெடுதல் இல்லை என்று என்னிடமே பாடம் நடத்துகிறார்கள். வாய், தொண்டை, நுரையீரல் மூன்றுக்கும் பைப் புகை புற்றுநோய் தரும். நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. புகைக்காதவர் இந்தக் கல்லின் அழகுக்காகத் தொடங்காதீர்கள். செதுக்கல் அப்படியே அலமாரியிலும் நன்றாகத்தான் இருக்கும்.

தாடிக்காரரை இப்போது நிழலில் காயவைத்திருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து மெழுகு ஏற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து அனுப்ப இருப்பவர்களுக்கு: ஆறிய பைப்பைக் கழற்றி, தண்டையும் வாய்க்குழலையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி அனுப்புங்கள். உடைந்த சில்லு எவ்வளவு சின்னதானாலும் ஒரு கவரில் போட்டுக் கூடவே வையுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டிப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். அதைச் சுரண்டி எடுக்கத் தனிக் கூலி.